குத்தாத இடது காது

எனக்கு வலது காதில் மட்டும்தான் ஓட்டை. இடது காது பிறந்தபடியே இருக்கிறது. சலூன்காரர் கேட்பார், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்பார். "ஒரு காதுக்குத்தான் தங்கம் தேறுச்சு" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பிய பஸ் முக்கொம்பு போய்ச் சேர்ந்தாலும் கதை முடியாது. அதோடு பாதிக் கதையிலேயே சிலர் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அப்போது எனக்கு வரும் பாருங்கள் கோபம்! ஒட்டிக்கொள்கிற வியாதியா இது?

வியாதி இதுதான்: என் ரத்தம் உறையாது. பல் ஆடினால், உதடு கிழிந்தால், நிற்காமல் கசியும். எங்காவது இடித்துக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் ஒழுகி முழங்கால் பலாக்காய் ஆகிவிடும். பிறக்கும்போதே கூட வந்த சமாச்சாரம். ஆனால் அது எங்கள் வீட்டுக்குத் தெரியாது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை எல்லாத் தப்பும் ஒரு மடியிலிருந்து ஆரம்பித்தது.

எங்களில் பிள்ளைக்கு ஒரு வயது நிறையும் முன் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். கோயில் தொட்டியத்துக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்குச் சொந்தத் தாய்மாமன் இல்லை. அம்மாவின் ஒரே அண்ணன் சின்ன வயதிலேயே செத்துப்போனாராம். எப்படி என்று அம்மா சொன்னதில்லை. அதனால் மருங்காபுரியிலிருந்து அம்மாவின் சித்தப்பா மகனை வரவழைத்து உட்கார வைத்தார்கள். அவருக்கு அப்போது இருபது வயது இருந்தால் அதிகம்.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. ஆசாரி வலது காதைக் குத்தினார். ரத்தம் வந்தது, நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், காப்பித்தூள் வைத்தார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள். மருங்காபுரி மாமாவின் புது வேட்டி முழங்கால் வரை நனைந்தது. ஆசாரி இடது காதைத் தொடாமலே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாலு நாள் கசிந்ததாகச் சொல்வார்கள்.

ஏன் நிற்கவில்லை? பெரியவர்கள் கூடி உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டார்கள். சொந்தத் தாய்மாமன் மடி இல்லை, சாமிக்குப் பொறுக்கவில்லை. முடிந்தது விசாரணை. அன்றிலிருந்து மருங்காபுரி மாமாவை எந்தக் காதுகுத்திலும் யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவருடைய கூடப்பிறந்த தங்கை பிள்ளைகளுக்குக்கூட அவர் தம்பிதான் உட்கார்ந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை நிலக்கடலைப் பையோடு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றும்போதே கண் என் காதுக்குப் போய்விடும். "நல்லா இருக்கீங்களா மாப்ளே?" என்று என் காதைப் பார்த்துத்தான் கேட்பார். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வளர்ந்த பிறகு எரிச்சலாக இருந்தது. மூஞ்சி என்று ஒன்று எனக்கு இல்லையா?

எழுபதுகளின் ஆரம்பத்தில், காலேஜில் படிக்கும்போது, முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர்தான் ரத்தத்தைச் சோதித்து ஹீமோபிலியா என்று பெயர் சொன்னார். பிளாஸ்மா ஏற்ற ஏற்பாடு செய்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"இது அம்மா வழியில வர்றது தம்பி. பொம்பளைங்க சுமப்பாங்க, அவங்களை ஒண்ணும் பண்ணாது. ஆம்பளைப் பிள்ளைக்கு வந்தாத்தான் தெரியும். உங்க தங்கச்சிகிட்டயும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவங்களுக்குப் பையன் பொறந்தா முதல்ல என்கிட்ட கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"இந்தப் பேச்சு இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. அவளுக்குக் கல்யாணம் ஆகணும்" என்றாள்.

தாண்டவில்லை. இந்த இடத்தில் அம்மா மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவலாம். ஆனால் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. வாய் இருந்தது. அந்த வாயை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் மிக்சர் தட்டை நீட்டி "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்று உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை உறையூரில் கணக்கு வாத்தியார், தங்கமான மனிதர். அது என் குற்றத்தை இன்னும் கூட்டியது.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், கதைக்கு வேண்டும். பாசன ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். மதகு, வாய்க்கால், கரை எல்லாவற்றையும் டிரேசிங் பேப்பரில் கறுப்பு மசியால் வரைய வேண்டும். அதை வைத்து அம்மோனியாவில் எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் எடுக்கலாம். கோடு தப்பினால் பிளேடால் மசியைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். ரத்தம் உறையாதவனுக்கு நாள் முழுக்கக் கையில் பிளேடு! டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். நான் ஒரு தடவைகூட விரலை வெட்டிக்கொண்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

தங்கைக்குப் பையன் பிறந்தான். நான் டாக்டரிடம் கூட்டிப் போனேனா? இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று பத்து மாதம் ஓட்டினேன். கூட்டிப் போக வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாள். அதற்குப் பதில் இல்லாததால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வருவேன்.

பதினோராம் மாதம் மாப்பிள்ளை வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார், தங்கையும் பையனும் கூடவே. காதுகுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"இந்தத் தடவை சொந்தத் தாய்மாமன் மடி. ஒரு குறையும் வராது" என்றாள்.

அவர்கள் எது இருந்தால் ஆபத்து வராது என்று நம்பினார்களோ, அந்தத் தாய்மாமன்தான் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து இருக்கலாம் என்பதற்கே அடையாளம். பையன் தவழ்ந்து வந்து என் வேட்டியைப் பிடித்து எழுந்தான். அவன் கணுக்காலுக்கு மேலே எட்டணா அகலத்துக்கு நீலமாகக் கன்றியிருந்தது. எனக்கு அந்த நீலம் நன்றாகத் தெரியும்.

"நான் உக்கார மாட்டேன்" என்றேன்.

மாப்பிள்ளை பாவம், கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துவிட்டார்.

"மச்சான், உங்களைக் கேக்காம நாள் குறிச்சது தப்புதான். மன்னிச்சுக்குங்க. வேற நாள் பாத்துடலாம்."

அவர் மன்னிப்புக் கேட்டதுதான் என்னை உடைத்தது. பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முடிந்ததும் தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்குக் கல்யாணம் பேசுறப்பவே இது உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாக வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளைதான் பேசினார். "வாய்ப்பு எவ்வளவு மச்சான்?"

"அவகிட்ட அது இருக்க பாதி வாய்ப்பு. இருந்தா, பையனுக்குப் போயிருக்க அதுல பாதி."

"அப்ப நாலுல ஒண்ணு" என்றார் உடனே. பிறகு பையனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்டவருக்கு அந்த விடை ஒன்றுக்கும் உதவவில்லை. இருப்பது ஒரு பிள்ளை. கால் பிள்ளைக்கா வியாதி வரும்?

மறுநாள் டாக்டரைப் பார்த்தேன். திட்டினார். அவர் திட்டியது போதவில்லை என்றே எனக்குத் தோன்றியது. பிறகு, பிள்ளையைக் கூட்டி வரும்போது குடும்பப் படம் ஒன்று வரைந்து எடுத்துவரச் சொன்னார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், வியாதி உள்ள கட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். படம் வரைவதா? அது ஒன்றுதானே எனக்கு உருப்படியாகத் தெரியும். நல்ல டிரேசிங் பேப்பரில் அளவெடுத்து வரைந்தேன். என் கட்டத்தை நிரப்பினேன். அம்மாவுடைய அண்ணன் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"அம்மா, மாமா எப்படிச் செத்தாரு? இந்தக் கட்டத்துக்கு என்ன போடட்டும்?"

அம்மா வந்து குனிந்து பார்த்தாள்.

"பல்லைப் புடுங்குனாங்கடா" என்றாள். "மூணு நாள். தலைகாணியெல்லாம் நனைஞ்சு போச்சு. பன்னெண்டு வயசு."

அவளே மேலே சொன்னாள்.

"உன் காது நிக்கலைன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. சொன்னா பலிச்சுடுமோன்னு பயம். எல்லாரும் மடி சரியில்லைன்னாங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"மருங்காபுரி மாமா?"

"அவன் மேலதான் பழி போச்சு. போகட்டும்னு விட்டுட்டேன்டா. என் பிள்ளை பொழைச்சா போதும்னு இருந்துச்சு."

இத்தனை வருஷம்! எனக்கு அவள் மேல் ஆத்திரம் பொங்கியது. ஆனால் மிக்சர் தட்டு ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பினேன். மருங்காபுரி மாமா இருந்த கிளை தனியாக ஓரத்தில் கிடந்தது. அது அம்மாவுடைய அப்பா வழி; அந்தப் பக்கமாக எங்கள் வியாதி வரவே முடியாது. அங்கே ஒரு பொட்டு மசி இல்லை.

சனிக்கிழமை காலையில் டாக்டரிடம் போனோம். தங்கை என்னோடு பேசவில்லை. ஆட்டோவில் மாப்பிள்ளையை நடுவில் உட்கார வைத்தாள். டாக்டர் படத்தைப் பார்த்து, "அடேயப்பா, இதுல அணையே கட்டலாம் போலிருக்கே" என்றார். பிறகு பிள்ளையின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஊசி போட்ட இடத்தை விடாமல் அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். பையன் போட்ட கூச்சலில் தில்லைநகரே திரும்பியிருக்கும். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் குடுங்க. உங்க வீட்டு வியாதி லேசானது இல்லை. பிள்ளைக்கு இருந்தா உங்களுது மாதிரியேதான் இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத் தெரிஞ்சுடும்."

இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் அவன் ரத்தம், ஒன்றில் என் ரத்தம். வெதுவெதுப்பான தண்ணீர் வைத்த பாத்திரத்தில் இரண்டையும் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இனி அவ்வப்போது சாய்த்துப் பார்க்க வேண்டியதுதான். பயம் வந்தால் நான் பேசுவேன்.

"இதுக்கு எப்பதான் டாக்டர் மருந்து வரும்?"

"வரும். ரெண்டு படியா வரும்" என்று அவரும் பேச்சைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்காகத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். "உங்க ரத்தத்துல ஒரு சத்து இல்லை. இப்ப அதை ஊரார் ரத்தத்துலேர்ந்து எடுத்து ஏத்துறோம். போன தடவை யாரோ ஒருத்தரோட மஞ்சக்காமாலையையும் சேத்து ஏத்திட்டோம்."

"ரொம்ப சந்தோஷம் டாக்டர்."

"அந்தச் சத்தை உடம்பு எப்படிச் செய்யுதுங்கிற குறிப்பை வெளிநாட்டுல கண்டுபிடிச்சுட்டாங்க. இனிமே அதை வச்சு ஃபேக்டரியிலேயே செய்வாங்க, யார் ரத்தமும் வேணாம். அது முதல் படி." முதல் குழாயைச் சாய்த்தார். ரத்தம் ஓடியது. திரும்ப வைத்தார். "ரெண்டாவது படிதான் பெரிசு. உங்க உடம்புல இருக்கற குறிப்புல தப்பு. தப்பில்லாத குறிப்பு ஒண்ணை உள்ள அனுப்பிட்டா உங்க உடம்பே செஞ்சுக்கும்."

"எதுல அனுப்புவாங்க, தபால்லயா?"

"வைரஸ்ல. அதுக்குத்தான் உள்ள நுழையத் தெரியும். அதோட கெட்ட சரக்கை இறக்கிட்டு நல்லதை ஏத்தி விடணும்."

"நல்ல ஆளைப் பிடிச்சாங்க வேலைக்கு!" என்றேன். ஆனால் அடுத்த நொடி எனக்கு ஏதோ புரிந்தது. "டாக்டர், இது எங்க ஆபீஸ் சமாச்சாரம். மூலப் படத்துல தப்பு இருந்தா எல்லாப் பிரிண்ட்டுலயும் அந்தத் தப்பு வரும். பிரிண்ட்டை எத்தனை தடவை திருத்தினாலும் பிரயோஜனம் இல்லை. நீங்க பிளாஸ்மா ஏத்துறது பிரிண்ட்டைத் திருத்துறது. அவங்க மூலத்துல பிளேடு போடப் போறாங்க!"

டாக்டர் சிரித்துவிட்டார். "முதல்ல பிளேடு போட மாட்டாங்க. பழைய படம் பாட்டுக்கு இருக்கட்டும்னு பக்கத்துல ஒரு நல்ல படத்தை வைப்பாங்க. சுரண்டுறது அதுக்கு அப்புறம்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"இருபதோ முப்பதோ. யாரு கண்டா?"

"அதுவரைக்கும் நான் பல்லு விளக்கலாமா, வேணாமா?"

டாக்டர் பிள்ளையின் குழாயை எடுத்துச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பிறகு தலைகீழாகவே கவிழ்த்துவிட்டார். ரத்தம் விழவில்லை. அடியில் அல்வாத் துண்டு மாதிரி அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஏழாவது நிமிஷம்" என்றார். "உறைஞ்சுடுச்சு. பையனுக்கு இல்லை."

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி பக்கத்திலேயேதான் இருந்தது. "அந்த நீலம்?" என்று நான் கேட்டேன். "ஆட்டுக்கல்லுல இடிச்சுக்கிட்டான் மச்சான், தினம் எங்கயாவது இடிச்சுக்கிறான்" என்றார் அவர். சாதாரணக் குழந்தை, சாதாரணமாக இடித்துக்கொண்டிருக்கிறது! எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. பதினோரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

தங்கை மட்டும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னொரு குழாய் இருந்தது. டாக்டர் அதை எடுத்துச் சாய்த்தார். சளக்கென்று இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது.

"உங்களுது இன்னும் தண்ணியாவே இருக்கேண்ணே" என்றாள்.

அவ்வளவுதான். முகத்தைப் புடவையில் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைக்காக அவள் அழவில்லை, எனக்காக அழுதாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு.

டாக்டர் உறுதிக்காக மெட்ராசுக்கும் அனுப்பினார். அங்கிருந்தும் ஒரு குறையும் இல்லை என்றே வந்தது. தங்கையிடம் அது இருக்கிறதா இல்லையா என்று அப்போது கண்டுபிடிக்க அங்கே வழியில்லை. "அடுத்தது பையனா இருந்தா மறுபடி இதே குழாய்தான்" என்றார் டாக்டர். சரி, இருக்கட்டும். வரப்போவது என்ன என்று தெரிந்துவிட்டது. தெரியாமல் பயப்படுவதற்கும் தெரிந்து காத்திருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! டாக்டர் சொன்ன முப்பது வருஷத்தை அன்றைக்கே நான் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

காதுகுத்து தை மாதத்தில் நடந்தது. மருங்காபுரி மாமாவும் வந்திருந்தார். அழைப்பு வைத்தால் வருவார்; ஆனால் பந்தலுக்குள் வர மாட்டார். வாழைத் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பார். அம்மா அவரிடம் போய்ப் பேசுவாள் என்று காத்திருந்தேன். இரண்டு தடவை பாதி தூரம் போனாள், திரும்பி வந்துவிட்டாள்.

நான் மனையில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிப் பையனை மடியில் வைத்தார்கள். "ஊசி தவறி உங்க கையில பட்டுடாம பாத்துக்குங்க" என்று டாக்டர் எனக்குத்தான் எச்சரிக்கை சொல்லியிருந்தார். ஆசாரி வலது காதைக் குத்தினார். பையன் வீரிட்டான். கடுகளவு ரத்தம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எல்லாச் சோதனையும் பார்த்தாகிவிட்டது, இருந்தாலும் பிடித்துக்கொண்டேன். கடுகு கடுகாகவே நின்றது.

ஆசாரி இடது பக்கம் நகர்ந்தார். "கொஞ்சம் இருங்க" என்றேன்.

"மாமா! இங்க வாங்க" என்று வரப்பைப் பார்த்துக் கூப்பிட்டேன். "இந்தக் காதுக்கு நீங்க உக்காருங்க."

அவருக்கு முகம் செத்துவிட்டது. "வேணாம் மாப்ளே, வேணாம்" என்று இரண்டு கையையும் ஆட்டினார். கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அப்போதுதான் அம்மா எழுந்தாள். நேரே வரப்புக்குப் போனாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உன் மடியில ஒரு குத்தமும் இல்லடா தம்பி. அது எங்க ரத்தம். எனக்கு அன்னிக்கே தெரியும். நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

தங்கை போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். நான் எழுந்து இடம் விட்டேன். மடியில் பிள்ளையை வைத்ததும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆசாரி இடது காதைக் குத்தினார். பையன் மறுபடி ஊரைக் கூட்டினான்.

"கண்ணைத் திறந்து பாருங்க மாமா, நின்னுடுச்சு" என்றாள் தங்கை.

திறந்தார். முதலில் பிள்ளையின் காதைப் பார்த்தார். பிறகு தன் வேட்டியைப் பார்த்தார், வெள்ளையாகவே இருந்தது. பிறகு நிமிர்ந்து, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, என் மூஞ்சியைப் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்களா மாப்ளே?" என்று கேட்டார்.